‘புற்றுநோய் மரபணு’ என்று தலைப்பிடும் முன்

தமிழ் நாளிதழ்களிலும் வார இதழ்களிலும் மருத்துவப் பக்கம் எழுதும் நண்பர்களுக்கு,



“புற்றுநோயைத் தூண்டும் மரபணு கண்டுபிடிப்பு” என்ற தலைப்பில் அவ்வப்போது நீங்கள் வெளியிடும் சிறு செய்திகளைப் பற்றியது இந்த மடல். நான் கல்லூரியில் செல் உயிரியல் கற்பிப்பவள். அந்தச் செய்திகளைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு வருகிறவர்களை எனக்குத் தெரியும். அம்மாவுக்கோ சித்திக்கோ மார்பகப் புற்றுநோய் வந்த பெண்கள் அவர்களில் அதிகம். “இந்த ஜீன் எனக்கும் கெட்டுப்போயிருக்கான்னு டெஸ்ட் எடுத்துப் பார்க்கலாமா மேடம்?” என்பார்கள். பெரும்பாலும் அந்தச் செய்தியிலுள்ள புரதத்துக்கு எந்த மருத்துவமனையிலும் பரிசோதனை கிடையாது. அப்படி ஒன்று இருந்தாலும் அதன் விடையை வைத்துக்கொண்டு மருத்துவர் செய்வதற்கு ஒன்றும் இருக்காது. இதைச் சொல்லும்போது அவர்கள் முகம் வாடுவதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

இந்தச் செய்திகளை எழுதாதீர்கள் என்று கேட்க வரவில்லை. இன்னும் நீளமாக எழுதுங்கள் என்றுதான் கேட்கிறேன். ஒரு புரதத்துக்கும் புற்றுநோய்க்கும் தொடர்பு என்ற பேச்சு எங்கே பிறக்கிறது, எங்கெல்லாம் முட்டித் திரும்புகிறது, எந்த இடத்தில் நின்றுபோகிறது என்பதை வாசகருக்குச் சொல்லுங்கள். நான்கு பத்திக்குள் அடங்காத அந்தக் கதையை, ஒரே ஒரு புரதத்தை வைத்து இங்கே சொல்லிப் பார்க்கிறேன். செல்லுக்குள் பொருள்களை இடம் மாற்றும் வேலையில் இருக்கும் புரதம் அது. பெயர் டிஎஸ்ஜி101. ‘கட்டிக்கு ஆளாக்கும் மரபணு, எண் 101’ என்பதன் சுருக்கம். அது என்ன வேலை செய்கிறது என்று யாருக்கும் தெரிவதற்கு முன்பே வைக்கப்பட்ட பெயர்.

1996இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் லிமின் லி, ஸ்டான்லி என். கோஹன் இருவரும் ஒரு புதிய உத்தியைக் கையாண்டார்கள். 1973இல் ஹெர்பர்ட் போயருடன் சேர்ந்து மரபணு ஒட்டுத் தொழில்நுட்பத்தைத் தொடங்கிவைத்த அதே கோஹன்தான். நம் செல்களில் ஒவ்வொரு மரபணுவுக்கும் இரண்டு படிகள் உண்டு. ஒன்று கெட்டாலும் மற்றொன்று வேலையைப் பார்த்துக்கொள்ளும். ஆகையால் ஒரு மரபணு இல்லாவிட்டால் என்ன நேரும் என்று அறிய இரண்டையும் ஒருங்கே முடக்க வேண்டும். இவர்கள் எலியின் செல்களுக்குள் ஒரு டிஎன்ஏ துண்டைச் செலுத்தினார்கள். அது குரோமோசோமில் எங்கே போய் விழுகிறதோ அங்கிருக்கும் மரபணுவின் ஒரு படியை உடைக்கும். கூடவே எதிர்த்திசை ஆர்என்ஏவை உண்டாக்கி மற்றப் படியையும் அடக்கும். எந்த மரபணு சிக்கும் என்று முன்கூட்டித் தெரியாது. நடந்ததைப் பார்த்த பிறகுதான் காரணத்தைத் தேட வேண்டும்.

சாதாரண இணைப்புத்திசு செல்கள் ஒட்டிக்கொள்ளப் பரப்பு இல்லாமல் பெருகாது. மிருதுவான அகார் கூழில் மிதக்கவிட்டால் அப்படியே தேங்கிவிடும். மிதந்தபடியே ஒரு செல் பெருகி மணி மணியாகத் திரளுமானால், புற்றுநோய் செல்லின் குணங்களில் ஒன்று அதற்கு வந்துவிட்டது என்று பொருள். லியும் கோஹனும் அப்படித் திரண்ட ஒரு செல் வரிசையைப் பிரித்தெடுத்தார்கள். எதிர்ப்பாற்றல் குன்றிய எலிகளுக்குள் அதைச் செலுத்தியபோது கட்டிகள் வந்தன. அவை பரவவும் செய்தன. அடக்கிவைத்த மரபணுவை மறுபடி இயங்கவிட்டதும் செல்கள் பழைய நிலைக்குத் திரும்பின. அந்த மரபணுதான் டிஎஸ்ஜி101. நேர்த்தியான சோதனை. இன்று படித்தாலும் அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

அடுத்த ஆண்டே அதே குழு மனிதர்களிடம் போனது. டிஎஸ்ஜி101 பதினோராவது குரோமோசோமின் குட்டைக் கையில், மார்பகக் கட்டிகளில் அடிக்கடி காணாமல் போகும் ஒரு பகுதியில் இருப்பது தெரிந்தது. 15 பெண்களின் மார்பகப் புற்றுத் திசுவை ஆராய்ந்ததில் ஏழில் இந்த மரபணுவின் நடுத்துண்டுகள் விடுபட்டிருந்தன என்றும், அதே பெண்களின் நல்ல திசுவில் அந்தக் குறை இல்லை என்றும் 1997இல் ‘செல்’ இதழில் எழுதினார்கள். அந்தக் காலத்தை நினைத்துப் பாருங்கள். பிஆர்சிஏ1 மரபணு 1994இலும் பிஆர்சிஏ2 1995இலும் அடையாளம் காணப்பட்டிருந்தன. அவை குடும்ப வழியாக வரும் மார்பகப் புற்றுநோயில் ஒரு பகுதியை விளக்கின. ஆனால் பெரும்பாலான மார்பகப் புற்றுநோய்கள் அப்படி வருவதில்லை. அவற்றுக்கான மரபணு எது என்று உலகமே தேடிக்கொண்டிருந்தது. பதினைந்தில் ஏழு என்றால் கிட்டத்தட்டப் பாதி. நீங்களும் நானும் அன்று செய்திப் பிரிவில் இருந்திருந்தால் கொட்டை எழுத்தில் போட்டிருப்போம்.

அந்த ஆண்டு முடிவதற்குள்ளேயே மறுப்புகள் வந்தன. ரெட்டினோபிளாஸ்டோமா எனும் கண் புற்றின் மரபணுவைப் பிரித்தெடுத்த குழுக்களில் ஒன்றை நடத்திய ராபர்ட் வைன்பெர்க்கும் சக ஆய்வாளர்களும் மார்பகக் கட்டிகளின் டிஎன்ஏவை நேரடியாகப் பார்த்து, டிஎஸ்ஜி101இல் அப்படிப்பட்ட சிதைவு எதுவும் இல்லை என்றார்கள். ஆண்ட்ரூ ஃபைன்பெர்க்கின் குழு இன்னும் ஒரு படி உள்ளே போனது. மரபணுவில் சடுதி மாற்றம் இல்லை. ஆனால் அதிலிருந்து படியெடுக்கப்படும் ஆர்என்ஏவை வெட்டி ஒட்டும்போது சில துண்டுகள் தாவி விடப்படுகின்றன என்று காட்டியது. பிறகு, துண்டு விடுபட்ட அந்த ஆர்என்ஏ நல்ல திசுக்களிலும் கொஞ்சம் கொஞ்சம் இருப்பது பல ஆய்வகங்களில் தெரியவந்தது. மிகக் குறைந்த அளவில் உள்ளதையும் பல மடங்கு பெருக்கிக் காட்டும் பிசிஆர் முறையில் அது பெரிதாகத் தோன்றிவிடும். அந்தப் ‘பதினைந்தில் ஏழு’ அத்தோடு செல்வாக்கிழந்தது.

முதல் கண்டுபிடிப்பைப் போல இந்த மறுப்புகள் செய்தியாகவில்லை. அதுதான் எனக்கு உறுத்துகிறது. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. இன்றும் தரவுத்தளங்களில் அந்த மரபணு கட்டியின் பெயரைச் சுமந்துகொண்டுதான் இருக்கிறது.

அந்தப் புரதம் உண்மையில் என்ன செய்கிறது என்ற கேள்விக்கு விடை புற்றுநோய் ஆய்வகத்திலிருந்து வரவில்லை. ரொட்டி மாவைப் பொங்கவைக்கும் ஈஸ்ட்டிலிருந்து வந்தது. அமெரிக்காவின் சான் டியேகோவில் ஸ்காட் எம்ரின் குழு, ஈஸ்ட் செல்லுக்குள் புரதங்கள் வாக்குவோல் எனும் செரிமான அறைக்கு எப்படிப் போய்ச் சேர்கின்றன என்று ஆண்டுக்கணக்காக ஆராய்ந்துவந்தது. வழிதவறும் ஈஸ்ட் வகைகளைத் திரட்டி, எந்த மரபணு கெட்டதால் எந்த இடத்தில் தேக்கம் வருகிறது என்று பட்டியலிட்டது. அதில் விபிஎஸ்23 என்ற மரபணு டிஎஸ்ஜி101இன் உறவு. 2000இல் இவர்கள் லியும் கோஹனும் உருவாக்கிய அதே எலிச் செல் வரிசையை வாங்கிப் பார்த்தார்கள். வளர்ச்சிச் சமிக்ஞையை வாங்கும் ஈஜிஎஃப் ஏற்பி, நல்ல செல்லில் உள்ளே இழுக்கப்பட்டு அழிக்கப்படும். இந்தச் செல்லிலோ அது அழியாமல் மேற்பரப்புக்கே திரும்பிக்கொண்டிருந்தது. அகார் கூழில் ஏன் மணி திரண்டது என்பதற்கு நான்கு ஆண்டுக்குப் பிறகு ஒரு விளக்கம் கிடைத்தது.

இங்கே கொஞ்சம் நிதானித்து அந்த வேலையை விவரிக்க அனுமதியுங்கள். இதை வாசகருக்குப் புரியவைத்துவிட்டால் மற்றதெல்லாம் தானே விளங்கும் என்று நம்புகிறேன்.

ஈஜிஎஃப் என்பது செல்லைப் பெருகச் சொல்லும் ஒரு சிறு புரதம். அதைக் கண்டுபிடித்து 1986இல் நோபல் பரிசு பெற்றவர் பெயரும் ஸ்டான்லி கோஹன்தான். வேண்டர்பில்ட் பல்கலைக்கழகத்துக்காரர், முன்னவருக்கும் இவருக்கும் உறவில்லை. ஒரு கோஹன் கண்டெடுத்த சமிக்ஞையை, இன்னொரு கோஹன் கண்டெடுத்த புரதம் நிறுத்திவைக்கிறது. எழுதும்போது இருவரையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஈஜிஎஃப் வந்து ஒட்டியதும் செல் மேற்பரப்பில் உள்ள ஏற்பிகள் இரண்டிரண்டாக இணைந்து, உள்ளே நீண்டிருக்கும் வாலில் பாஸ்பேட் ஏற்றிக்கொண்டு, பெருகு என்ற உத்தரவை உட்கரு வரை கடத்துகின்றன. உத்தரவு போய்ச் சேர்ந்த பிறகு அதை நிறுத்தவும் ஒருவர் வேண்டும். அழைப்பு மணியை அழுத்திய விரலை எடுக்காவிட்டால் வீடே தூங்க முடியாது.

நிறுத்தும் வேலை இப்படி நடக்கிறது. சிபிஎல் என்ற நொதி, தூண்டப்பட்ட ஏற்பியின் வாலில் யூபிக்விட்டின் எனும் சின்னஞ்சிறு புரதத்தை அடையாளமாகப் பதிக்கிறது. செல்லின் சவ்வு அந்த இடத்தில் குழிந்து, நுண்பையாகக் கிள்ளப்பட்டு உள்ளே போகிறது. அந்தப் பைகள் சேரும் இடம் எண்டோசோம். அங்கிருந்து இரண்டு பாதைகள்: ஒன்று மேற்பரப்புக்கே திரும்புவது, மற்றொன்று லைசோசோமுக்குப் போய்ச் செரிக்கப்படுவது. யூபிக்விட்டின் அடையாளம் உள்ளவை இரண்டாவது பாதைக்கு உரியவை. ஆனால் எண்டோசோமின் சவ்வில் வந்து நிற்கும்போதும் ஏற்பியின் வால் செல்லின் உட்பக்கமாகத்தான் நீட்டிக்கொண்டிருக்கிறது. உத்தரவு இன்னும் ஓயவில்லை. அந்த வாலையும் சேர்த்து எண்டோசோமின் வயிற்றுக்குள் தள்ளி அடைத்தால்தான் சத்தம் நிற்கும்.

அப்படித் தள்ளி அடைக்கும் இயந்திரத்தை எம்ரின் குழு எஸ்கார்ட் என்று அழைத்தது. அடுத்தடுத்து வேலையைக் கைமாற்றிக்கொள்ளும் பல புரதக் கூட்டங்கள் அதில் உண்டு. அவற்றில் எஸ்கார்ட்-ஒன்று என்ற கூட்டத்தில் இருப்பது டிஎஸ்ஜி101. அதன் முனைப்பகுதி, யூபிக்விட்டினை ஏற்றிவிடும் நொதிகளைப் போலவே வடிவம் கொண்டது. ஆனால் அவற்றின் வேதிவினைக்கு இன்றியமையாத சிஸ்டீன் அமினோ அமிலம் அதில் இல்லை. ஆகவே அதனால் யூபிக்விட்டினை எதிலும் ஏற்ற முடியாது. பிடித்துக்கொள்ள மட்டும் முடியும். அடையாளமிட்ட ஏற்பியை அது பிடித்துக்கொடுக்க, எஸ்கார்ட்-மூன்று இழைகளாகச் சுருண்டு சவ்வைக் குவித்துக் கிள்ள, விபிஎஸ்4 என்ற நொதி ஆற்றல் தரும் ஏடிபியைச் செலவிட்டு அந்த இழைகளைப் பிரித்தெடுத்து மறுபயன்பாட்டுக்கு விடுகிறது. ஏற்பி உள்ளே போய்விட்டது. லைசோசோமோடு எண்டோசோம் இணைந்ததும் அது அமினோ அமிலங்களாகக் கரைகிறது. இந்தப் பாதையை வெளிக்கொணர்ந்ததற்காக 2021இல் எம்ருக்கு ஷா பரிசு கிடைத்தது.

இதே இயந்திரத்தை வேறு யாரெல்லாம் பயன்படுத்துகிறார்கள் தெரியுமா? எச்ஐவி பயன்படுத்துகிறது. 2001இல் யூட்டா பல்கலைக்கழகத்தின் வெஸ்லி சண்ட்குவிஸ்ட் குழு, டிஎஸ்ஜி101 இல்லாத செல்லிலிருந்து எச்ஐவியால் பிரிந்து வெளியேற முடியவில்லை என்று காட்டியது. தன் புரதத்தில் நான்கே அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு குறியை வைத்துக்கொண்டு, செல்லின் சொந்த ஆள் போல நடித்து டிஎஸ்ஜி101ஐத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது அந்த வைரஸ். ஒரு செல் இரண்டாகப் பிரியும்போது கடைசியாக மிஞ்சும் மெல்லிய பாலத்தை அறுப்பதற்கும் இதே இயந்திரம் வேண்டும் என்று 2007இல் லண்டனிலிருந்து ஜெரெமி கார்ல்டனும் ஹுவான் மார்ட்டின்-செரானோவும் எழுதினார்கள். ஆக, டிஎஸ்ஜி101க்குக் கட்டியோடு சம்பந்தப்பட்ட ஒரே ஒரு தொழில் கிடையாது. ஒவ்வொரு செல்லும் ஒவ்வொரு நாளும் செய்ய வேண்டிய பல வேலைகளில் அதற்குக் கை இருக்கிறது.

அப்படியானால் அது இல்லாத உயிருக்குப் புற்றுநோய் வருமா? இதைச் சோதிக்க எலிகளில் அந்த மரபணுவை அகற்றினார்கள். டொராண்டோவில் டாக் மாக்கின் ஆய்வகம் 2001இல் கண்டது: இரண்டு படிகளும் இல்லாத எலிக் கரு ஒரு வாரம்கூட வளராமல் கருப்பையிலேயே இறந்துவிடுகிறது. நெப்ராஸ்காவில் கை-ஊவே வாக்னரின் குழு, வளர்ந்த எலியின் பால்சுரப்பியில் மட்டும் மரபணுவை நீக்கிப் பார்த்தது. கட்டி வரவில்லை. செல்கள் செத்துப்போயின. கட்டியைத் தடுக்கும் மரபணு என்று சொல்லப்பட்டதை எடுத்துவிட்டால் கட்டி வர வேண்டும்; இங்கே செல்லுக்கே வாழ்வு இல்லாமல் போனது. அதே குழு 2007இல் மறுபக்கத்தையும் பார்த்தது. மனித மார்பகப் புற்றுகள் சிலவற்றில் இந்தப் புரதம் குறைவதற்குப் பதில் கூடியிருந்தது. சரி, எலியின் பால்சுரப்பியில் அதைக் கூட்டிவைத்தால்? கட்டியைத் தோற்றுவிக்கும் ஆற்றல் மிகவும் பலவீனமாகத்தான் தெரிந்தது.

கதை இத்தோடு முடிந்திருந்தால், தவறான பெயர் பெற்ற ஓர் அப்பாவிப் புரதம் என்று எழுதி முடித்துக்கொள்ளலாம். ஆனால் 2005இல் பழ ஈ குறுக்கே வந்தது. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

ஈஸ்வர் ஹரிஹரனின் குழுவில் கென்னத் மோபெர்க் முதலானோர், பழ ஈயின் லார்வாவில் கண்ணாக வளரப்போகும் திசுவில், சில செல்களில் மட்டும் டிஎஸ்ஜி101இன் ஈ வடிவத்தைக் கெடுத்தார்கள். திசு அளவுக்கு மீறிப் பெருத்தது. பெருகியது யார் என்று பார்த்தால், மரபணு கெட்ட செல்கள் அல்ல. அவற்றின் பக்கத்தில் இருந்த நல்ல செல்கள். அதே ஆண்டு டேவிட் பில்டரின் குழு உட்பட வேறு ஆய்வாளர்கள் விபிஎஸ்25 என்ற இன்னொரு எஸ்கார்ட் புரதத்திலும் இதையே கண்டார்கள். நடப்பது என்னவென்றால், கெட்ட செல்லில் நாட்ச் என்ற ஏற்பி எண்டோசோமிலேயே தேங்கி, அழியாமல் ஓயாது சமிக்ஞை விடுகிறது. அதன் விளைவாக அன்பேர்ட் என்ற புரதம் வெளியே கசிகிறது. அது அக்கம்பக்கத்துச் செல்களைப் பெருகச் செய்கிறது. கசியவிட்ட செல்லோ பெரும்பாலும் தானே இறந்துபோகிறது. அதன் இறப்பைத் தடுத்துவிட்டால் அதுவும் கட்டியாகப் பெருகுகிறது.

எலியில் வாக்னர் கண்ட சாவும், தட்டில் கோஹன் கண்ட பெருக்கமும் ஒன்றையொன்று பொய்யாக்கவில்லை என்பதை ஈயிடமிருந்துதான் நான் புரிந்துகொண்டேன். ஏற்பியை அழிக்கும் பாதை அடைபட்டால் இரண்டும் நடக்கலாம். எவ்வளவு அடைபட்டது, எந்தத் திசுவில், எந்த ஏற்பி தேங்கியது, அந்தச் செல் சாவதற்கு வழி திறந்திருக்கிறதா என்பவற்றைப் பொறுத்து விளைவு மாறுகிறது. ஈயில் நடந்தது அப்படியே மனிதனில் நடக்கிறது என்று யாரும் நிரூபித்துவிடவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

டிஎஸ்ஜி101 மட்டும்தான் இப்படி என்று நினைக்காதீர்கள். ஏற்பிகளை மேற்பரப்புக்குத் திருப்பியனுப்பும் வேலையில் உள்ள ராப்25 புரதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது கூடினால் சினைப்பைப் புற்றும் மார்பகப் புற்றும் மூர்க்கமாகின்றன என்று 2004இல் கோர்டன் மில்ஸின் குழு எழுதியது. அது குறைந்தால் குடலில் கட்டி வளர்கிறது என்று 2010இல் ஜேம்ஸ் கோல்டன்ரிங்கின் குழு எலிகளில் காட்டியது. மனிதப் பெருங்குடல் புற்றிலும் அது குறைந்திருந்தது. ஒரே புரதம், வெவ்வேறு உறுப்பு, எதிரெதிர் விளைவு. இதில் பாதியை மட்டும் செய்தியாக்கினால் வாசகருக்கு என்ன கிடைக்கும்?

“எல்லாமே இப்படி இழுபறிதான் என்றால் நாங்கள் எதைத்தான் எழுதுவது?” என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. உறுதிப்பட்ட ஒன்றும் இருக்கிறது. அதுவும் இதே பாதையில், ஏற்பியை அழிக்கும் வேலை தவறுவதால் வரும் புற்றுநோய். அதைப் பற்றித் தமிழில் போதுமான அளவுக்கு வரவில்லை என்பதே என் ஆதங்கம்.

மெட் என்று ஓர் ஏற்பி. ஈஜிஎஃப் ஏற்பியைப் போலவே இதுவும் செல்லைப் பெருகச் சொல்லும். வேலை முடிந்ததும் சிபிஎல் நொதி வந்து யூபிக்விட்டின் பதித்து அழிவுக்கு அனுப்பும். சிபிஎல் வந்து பற்றுவதற்கு மெட்டின் வாலில் 1003ஆம் இடத்தில் ஒரு டைரோசின் அமினோ அமிலம் இருக்கிறது. மாண்ட்ரியலில் மோராக் பார்க்கின் குழு 2001இல் அந்த ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்தது. ஏற்பி அழியாமல் நின்றது. செல் புற்றுத்தன்மை அடைந்தது. 2006இல் நுரையீரல் புற்றுநோயாளிகளின் கட்டிகளில் இதற்கு இணையான ஒன்று கிடைத்தது. மெட் மரபணுவின் பதினான்காம் துண்டு, ஆர்என்ஏவை வெட்டி ஒட்டும்போது தாவி விடப்பட்டிருந்தது. அந்த டைரோசின் இருப்பது சரியாக அந்தத் துண்டில்தான்.

கவனித்தீர்களா, இதுவும் ஆர்என்ஏவில் துண்டு விடுபட்ட கதைதான். டிஎஸ்ஜி101இல் 1997இல் பார்த்ததும் அதுவே. ஆனால் அங்கே டிஎன்ஏவில் காரணம் எதுவும் அகப்படவில்லை. நல்ல திசுவிலும் அதே விடுபடல் இருந்தது. எலியில் எடுத்துப் பார்த்தால் கட்டி இல்லை. இங்கே வெட்டி ஒட்டும் எல்லையிலேயே டிஎன்ஏ மாறியிருக்கிறது; அந்த மாற்றம் கட்டியில் இருக்கிறது, நல்ல திசுவில் இல்லை; எந்த அமினோ அமிலம் போனதால் என்ன கெட்டது என்பது படிப்படியாகத் தெரிகிறது. இவை எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த ஏற்பியை மருந்தால் அடக்கியபோது நோயாளிகளின் கட்டி சுருங்கியது. கேப்மாட்டினிப் என்ற மாத்திரையின் ஆய்வு முடிவு 2020இல் வெளியானது. இந்த மாற்றம் கொண்ட நோயாளிகளில் ஏற்கெனவே வேறு சிகிச்சை பெற்றிருந்த 69 பேரில் 41 சதவீதத்தினருக்கும், முதல் சிகிச்சையாகவே இதைப் பெற்ற 28 பேரில் 68 சதவீதத்தினருக்கும் கட்டி குறிப்பிடத்தக்க அளவு சுருங்கியது. அந்த ஆண்டே அமெரிக்காவில் அதற்கு ஒப்புதல் கிடைத்தது. டெபோட்டினிப் என்ற இன்னொரு மருந்துக்கு ஜப்பானில் கிடைத்தது.

நான் உங்களிடம் கேட்பது இந்த வேறுபாட்டை எழுத்தில் கொண்டுவரும்படிதான். செய்திக் குறிப்பு மேசைக்கு வந்ததும், ஆய்வு எதில் நடந்தது என்று முதலில் பாருங்கள்: தட்டிலுள்ள செல்லிலா, எலியிலா, நோயாளியின் திசுவிலா, மருந்து வாங்கிய நோயாளிகளிலா. அதைத் தலைப்பிலேயோ முதல் வரியிலேயோ சொல்லிவிடுங்கள். “எலிகளில்” என்ற ஒரே சொல் போதும், மருத்துவமனைக்குத் தாளை எடுத்துக்கொண்டு ஓடும் எத்தனையோ பேர் நிதானிப்பார்கள். கட்டியில் ஒரு புரதம் கூடியிருக்கிறது என்பது மட்டும்தான் கண்டுபிடிப்பு என்றால், “காரணம்” என்று எழுதாதீர்கள். வேகமாகப் பெருகும் செல்லுக்குத் தேவை கூடியதாலும் அந்தப் புரதம் கூடியிருக்கலாம். வேறொரு ஆய்வகம் இதைத் திரும்பச் செய்து பார்த்ததா என்று கேளுங்கள். மறுப்பு வந்தால், முதல் செய்திக்குக் கொடுத்த அதே இடத்தை அதற்கும் கொடுங்கள். நண்பர்களே, இது கடினம் என்று எனக்குத் தெரியும். மறுப்பை யாரும் செய்திக் குறிப்பாக அனுப்புவதில்லை. தேடித்தான் எடுக்க வேண்டும்.

நம்பிக்கை தரும் செய்தியை ஒதுக்கிவிடுங்கள் என்றும் சொல்லமாட்டேன். மேலே சொன்ன விபிஎஸ்4 நொதிக்கு நம் செல்களில் இரண்டு வடிவங்கள் உண்டு, ஏ, பி என்று. சில புற்றுநோய்களில் பதினெட்டாவது குரோமோசோமின் நீண்ட கை தொலையும்போது ‘பி’யும் கூடவே போய்விடுகிறது. பிறகு அந்தக் கட்டி முழுக்க ‘ஏ’யை நம்பித்தான் பிழைக்கிறது. அதையும் தடுத்தால் கட்டி செல்கள் மட்டும் சாகும், இரண்டும் உள்ள நல்ல செல்கள் தாங்கிக்கொள்ளும் என்ற எண்ணத்தில் 2020இல் ஆய்வுகள் வெளியாகின. வளர்த்த செல்களிலும் எலிகளுக்குள் வைத்த கட்டிகளிலும் அப்படியே நடந்தது. இது அருமையான செய்தி. “எலிகளில் வெற்றி, நோயாளிக்கான மருந்து இனிமேல்தான் வர வேண்டும்” என்று சேர்த்து எழுதினாலும் அதன் அழகு குறையாது.

கடைசியாக ஒன்று. நுரையீரல் அடினோகார்சினோமா வந்தவர்களில் நூற்றுக்கு மூன்று, நான்கு பேருக்கு இந்த மெட் பதினான்காம் துண்டு மாற்றம் இருக்கிறது. பயாப்சியில் எடுத்த திசுவை மரபணுப் பரிசோதனைக்கு அனுப்பினால்தான் தெரியும். டிஎன்ஏவை மட்டும் பார்க்கும் சில பரிசோதனைகளில் இது நழுவிவிடுவதுண்டு. ஆர்என்ஏவையும் சேர்த்துப் பார்த்தால் பிடிபடும். மருத்துவரிடம் “மெட் பார்த்தீர்களா, ஆர்என்ஏ வழியாகவும் பார்த்தீர்களா?” என்று கேட்க வேண்டும் என்பது எத்தனை குடும்பங்களுக்குத் தெரியும்? பரிசோதனைக்கு என்ன செலவாகும், எங்கெங்கே செய்கிறார்கள், மருந்து நம் ஊரில் என்ன விலைக்குக் கிடைக்கிறது, காப்பீடு எதுவரை தாங்கும் என்பதையெல்லாம் புற்றுநோய் மருத்துவர்களிடம் விசாரித்து ஒரு முழுப் பக்கம் எழுதுங்கள். அந்தப் பக்கத்தைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு போகிறவர் ஒரு பயனுள்ள கேள்வியோடு போவார். அறிவியல் பகுதியைச் சரிபார்க்க ஆள் வேண்டுமென்றால் அனுப்பிவையுங்கள். அன்றிரவே படித்துத் திருப்பித் தருகிறேன்.

அன்புடன்,
உங்கள் பக்கங்களைத் தவறாமல் வாசிக்கும்
செல் உயிரியல் ஆசிரியை